கியர் சைக்கிளா, கறுப்புச் சைக்கிளா: ஒரு கறள் கணக்கு

மூன்று வருடத்தில் மூன்று சைக்கிள் மாற்றியவன் என்ற ஒரே தகுதியோடு இதை எழுதுகிறேன். 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைக்காரருக்கு மட்டும்தான் என்று அறிவித்த கிழமை, திருகோணமலையில் அலஸ்தோட்டத்திலிருந்து உள்துறைமுக வீதிக்கு வேலைக்குப் போகிற என் மோட்டார் சைக்கிளைத் தாழ்வாரத்தில் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடினேன். அடுத்த நாள் சைக்கிள் கடையில் நின்றேன். அங்கேயும் வரிசைதான்.

முதலில் வாங்கியது சீனாவிலிருந்து வந்த கியர் சைக்கிள். இருபத்தொரு கியர், முன்னுக்கு ஷொக், சிவப்பும் கறுப்பும் வரிவரியாகப் பெயின்ற். பக்கத்தில் நின்ற உள்ளூர் 28 அங்குலக் கறுப்புச் சைக்கிளின் விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் கேட்டார்கள். அது கழிந்தபின் மச்சானின் பாவிச்ச ஜப்பான் சைக்கிளை மூன்று மாதம் இரவல் வாங்கி ஓடினேன். இப்போது வாசலில் நிற்பது, முதல் நாள் நான் திரும்பியும் பாராத அதே கறுப்புச் சைக்கிள்.

பார்வைக்குக் கியர் சைக்கிள்தான் வெல்லும், அதில் வாதம் இல்லை. ஓடவும் சுகம். உவர்மலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமல் மிதித்துக்கொண்டே போகலாம். ஆனால் திருகோணமலைப் பட்டினத்தில் அப்படி எத்தனை ஏற்றம்? நிலாவெளி வீதி தட்டையாகக் கிடக்கிறது. கோணேசர் கோவிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏறுகிற பாதை ஒன்று, உவர்மலை ஒன்று. இருபத்தொரு கியரில் எனக்குத் தேவைப்பட்டது மூன்று. பிறகு நான்காம் மாதம் கம்பி இறுகி எல்லாம் ஒன்றாகிவிட்டது, அது வேறு கதை.

மட்காட் இல்லை, கரியர் இல்லை, செயின்கவர் இல்லை. அவற்றைத் தனித்தனியே வாங்கிப் பூட்டும்போதே விலை வித்தியாசத்தில் கொஞ்சம் கரைந்துவிடும். கறுப்புச் சைக்கிளில் அதெல்லாம் கூடவே வருகிறது. காலையில் எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிறவர் கரியரில் பலகைப் பெட்டியைக் கட்டி, பெட்டிக்கு மேல் தராசையும் வைத்துக்கொண்டு வருகிறார். கன்னியாப் பக்கமிருந்து விறகு ஏற்றி வருகிறவர்களின் சைக்கிளில் விறகு மட்டும்தான் தெரியும், சைக்கிள் தெரியாது. அவர்களில் ஒருவரையும் கியர் சைக்கிளோடு நான் கண்டதில்லை.

ஆனாலும் விலையோ சுமையோ என்னை மாற்றவில்லை. மாற்றியது கறள் என்கிற துருவும் உதிரிச் சாமானும்.

கடலிலிருந்து என் வீடு முந்நூறு மீற்றர்கூட இராது. வருட நடுவில் தரையிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று மண்ணைத்தான் கொண்டுவரும், துடைத்துவிடலாம். கார்த்திகை, மார்கழியில் கடலிலிருந்து வாடைக் காற்று தொடங்கினால் கதை மாறும். காலையில் சைக்கிள் சீற்றைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்த உப்பு எங்கே போய் இருக்கிறது என்பதில்தான் இரண்டு சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசமே. கியர் சைக்கிளில் பிறேக்குக்கும் கியருக்குமாக நான்கு கேபிள். ஒவ்வொன்றும் பிளாஸ்ரிக் குழாய்க்குள் ஓடுகிற மெல்லிய கம்பி. உப்பு ஈரம் குழாய்க்குள் இறங்கினால் வெளியே வராது. வெளியில் பளபளவென்று இருக்கும், உள்ளே கறள் பிடித்துக் கம்பி இறுகும். ஒருநாள் பிறேக்கைப் பிடித்தால் விடாது, இன்னொருநாள் பிடிக்கவே மாட்டாது. ஷொக்கின் மெல்லிய குரோம் பூச்சு முதல் வாடையிலேயே புள்ளி புள்ளியாக உரிந்தது. இரண்டாம் வாடையில் ஷொக் அசைய மறுத்தது. அதன்பிறகு அது வெறும் பாரமான முன்கவடு.

கறுப்புச் சைக்கிளில் கேபிளே கிடையாது. பிறேக் முழுக்கத் தடித்த இரும்புக் கம்பி. கறள் பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். ஆனால் கண்ணுக்கு முன்னால் பிடிக்கும். பழந்துணியில் ஒயிலை நனைத்து ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் துடைத்தால் போதும்.

சாமான் கதைக்கு மத்திய வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கைக்குப் போகவேண்டும். வேப்பமரத்துக்குக் கீழே தகரக் கொட்டில். கிளையில் இரண்டு கொழுவி, அவற்றில் சைக்கிளைத் தூக்கி மாட்டிவிட்டு, பலாக்கட்டையில் குந்தியிருந்து வேலை செய்வார் சைக்கிள் திருத்துகிற அண்ணை. அவரிடம் ஒரு பழைய பால்மா ரின் இருக்கிறது. போல்ஸ் என்கிற இரும்புக் குண்டு, அவை உருள இடம் கொடுக்கிற கோன், கப், பெடல் தண்டை அச்சோடு இறுக்குகிற கொட்டர் பின், நட்டு எல்லாம் கிறீஸோடு கலந்து அதற்குள் கிடக்கும். என் கியர் சைக்கிளில் பெடல் அச்சுக்குள் ‘கறகற’ என்று சத்தம் கேட்கத் தொடங்கி, ஒருநாள் அனுராதபுரச் சந்தியில் ஒரேயடியாக ஆடிப்போனது. தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். கழற்றினார். உள்ளே போல்ஸைப் பிடித்துவைக்கிற தகடு நொறுங்கித் தூளாகக் கிடந்தது. ரின்னைக் கடதாசியில் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை.

“இதுக்கு என்னட்ட சாமான் இல்லத் தம்பி. வாங்கின கடையில கேட்டுப் பாருங்கோ.”

கேட்டேன். அந்த மொடல் இப்போது வருவதில்லை என்றார்கள். அதே பெயர் எழுதிய புதுச் சைக்கிள் கடையில் நின்றது, அச்சின் நீளம் வேறு. கொழும்புக்குச் சொல்லி எடுக்கலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். மூன்று கிழமை தாழ்வாரத்தில் மோட்டார் சைக்கிளுக்குத் துணையாக அதுவும் நின்றது. கடைசியில் அளவு கிட்டத்தட்ட வருகிற ஒன்றை அடித்து இறுக்கி ஓடினேன். இரண்டு மாதம் தாங்கியது. அதுவரை அந்தச் சைக்கிளுக்குச் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தேன், வாங்கிய விலையில் பாதியைத் தாண்டியிருந்தது.

கறுப்புச் சைக்கிளில் இதே இடத்தில் இதே சத்தம் வந்தால்? முக்கால்வாசி நேரம் கொட்டர் பின் தேய்ந்திருக்கும். பழையதைச் சுத்தியலால் தட்டி எடுத்து, புதியதை அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, இறக்கி நட்டைப் பூட்டினால் சரி. ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். பின்சில்லுக்குக் கால் அங்குல போல்ஸ், பக்கத்துக்கு ஒன்பது, முன்சில்லுக்கு அதைவிடச் சின்னது. மூதூரில் உடைந்தாலும் கிண்ணியாவில் உடைந்தாலும் தம்பலகாமத்தில் உடைந்தாலும் அதே போல்ஸ், அதே கோன், அதே 28க்கு ஒன்றரை ரயர். அந்த ரயரும் ரியூப்பும் இந்த நாட்டிலேயே செய்வதால், இறக்குமதி முடங்கினாலும் அடியோடு தட்டுப்படாது என்ற தைரியம் ஒன்று.

இந்த அளவு யார் கொடுத்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அப்பப்பாவின் றலி சைக்கிள் இன்னும் எங்கள் பழைய வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது, முன்கழுத்தில் கொக்குத்தலை முத்திரையோடு. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் செய்தது. அதன் பின்சில்லு அச்சுக்கு அண்ணையின் பால்மா ரின்னிலிருந்து கோன் எடுத்துப் பூட்டினோம், கச்சிதமாக ஏறியது. அதே அளவில்தான் லூதியானாவிலும் சென்னை அம்பத்தூரிலும் சைக்கிள் செய்தார்கள், பாணந்துறையிலிருந்து வருகிற லுமாலாவின் பெரிய சைக்கிளும் அதே வம்சம். ஏன், 1950இல் தியென்சினில் தொடங்கிய சீனாவின் ‘பிளையிங் பிஜன்’ சைக்கிளும் றலியைப் பார்த்துச் செய்ததுதான். ஆகவே சீனா என்றால் கூடாது, நம் நாடு என்றால் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. லுமாலாவிலும் கியர் சைக்கிள் உண்டு. நான் பார்ப்பது நாட்டை அல்ல, அளவை.

ஆனால் அந்த அளவைச் செய்கிறவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். நொட்டிங்காமில் றலி சைக்கிள் செய்வதை 2002இல் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவின் அட்லஸ் கம்பனி 2020 ஜூன் 3ஆம் திகதி சாகிபாபாத் தொழிற்சாலையை மூடியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம் என்பது கொடுமையான பொருத்தம். மலிவுச் சைக்கிள் பத்து விதமாக இறங்கினால் பத்து விதமான அச்சும் கப்பும் வரும். எதையும் வாங்கி வைத்திருக்க ஒழுங்கைக் கடைக்காரரால் முடியாது. “முந்தி ஒரு பெட்டி கொட்டர் பின் எடுத்தா ஒரு மாசத்தில முடியும். இப்ப ஒரு வருசம் கிடக்குது” என்கிறார் அண்ணை. தொழிற்சாலை மூடுவது செய்தியில் வரும். வேப்பமரத்துக் கொழுவி வெறுமையாகத் தொங்குவது செய்தியில் வராது.

உள்ளூர்த் தயாரிப்பு என்ற சொல்லிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். இங்கே பூட்டிய சைக்கிள் என்றால் அதில் உள்ளதெல்லாம் இங்கே செய்தது என்று அர்த்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சீனச் சைக்கிளுக்கு விதித்த 48.5 வீத வரியை 2013இல் இலங்கையிலிருந்து போகிற சைக்கிளுக்கும் நீட்டியது. சீனப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி அனுப்புகிறார்கள், சீனச் சைக்கிள் இந்த வழியால் வருகிறது என்பது அவர்களின் சந்தேகம். வழக்கு, தீர்ப்பு, திரும்பவும் வரி என்று அது 2018 வரை இழுபட்டது. என் கறுப்புச் சைக்கிளின் செயினும் பிறீவீலும் கடல் கடந்து வந்தவைதான், பெட்டியில் எழுதியிருக்கிறது. அதனால் எனக்கு மனவருத்தம் ஒன்றுமில்லை, ரின்னுக்குள் இருப்பதோடு அவை பொருந்துகின்றன.

கறுப்புச் சைக்கிளின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பாரம். படியேற்றித் தூக்கி வைப்பதென்றால் இரண்டு தரம் யோசிக்கவேண்டும். மழையில் பிறேக் பிடிக்காது. பிறேக் கட்டை ஈர றிம்மில் வழுக்கிக்கொண்டே போகும். உவர்மலையிலிருந்து தூறலில் இறங்கும்போது ஒருமுறை இரண்டு காலையும் நிலத்தில் தேய்த்துத்தான் நின்றேன், செருப்பு போனது. இந்த விஷயத்தில் கியர் சைக்கிள் எத்தனையோ மேல், கேபிள் உயிரோடு இருக்கும்வரை. றிம்மின் குரோமும் வாடைக்குத் தப்பாது.

றிம் என்றதும் ஜப்பான் சைக்கிளைச் சொல்லவேண்டும். மூன்று மாத ஓட்டத்தை வைத்துப் பெரிய தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அலுமினிய றிம், கறள் பிடிக்காத கம்பி, முன்னுக்குக் கூடை, எங்கள் சைக்கிளைப் போலவே றப்பர் போட்ட வால்வு. உப்புக் காற்றுக்கென்றே செய்ததுபோல இருந்தது. மனைவிக்கு அதுதான் பிடித்திருந்தது. பின்பிறேக் ஆடு கத்துவதுபோலக் கத்தும், பழகிவிடலாம். பிரச்சினை ரயரில்: மச்சானுடையது 27 அங்குலம், அந்த ரயருக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். 26க்கு ஒன்று மூன்றெட்டு (26 x 1 3/8) என்று ரயரில் எழுதியிருந்தால் பயமில்லாமல் வாங்கலாம் என்று அண்ணை சொல்கிறார். எனக்கு முன் யார் எத்தனை வருடம் ஓடினார்கள் என்று தெரியாத ஒன்றுக்குக் காசு கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம், அவ்வளவுதான்.

பிறகு விற்கிற யோசனை இருந்தால்: கியர் சைக்கிளைப் பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுத்தார். கறுப்புச் சைக்கிளை இப்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

கடலிலிருந்து தள்ளி, உள்ளுக்கு இருப்பவர்கள், பாலையூற்றுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு சைக்கிள் தேவையென்றால் கியர் சைக்கிளை வாங்குங்கள், பிள்ளை சந்தோஷப்படும். உப்பு அங்கே இவ்வளவு மோசமாக வேலை செய்யாது என்று நினைக்கிறேன், நான் அங்கே வைத்து ஓடிப் பார்த்ததில்லை. விலை கூடிய அலுமினியக் கியர் சைக்கிள்கள் எப்படியென்றும் என் கை அனுபவத்தில் இல்லை. நான் சொன்னதெல்லாம் மலிவுச் சைக்கிளைப் பற்றித்தான்.

கறுப்புச் சைக்கிள் வாங்குவதென்று முடிவெடுத்தால் கடையிலிருந்து நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். முதலில் இப்படி ஒரு வேப்பமரத்தடிக்குப் போய் இரண்டு சில்லையும் கழற்றிக் கிறீஸ் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். எந்தக் கம்பனி என்று சொல்ல மாட்டேன், என்னுடைய புதுச் சைக்கிளின் பின்சில்லை அண்ணை கழற்றியபோது கிறீஸ் பேருக்குத்தான் இருந்தது. ஒரு பக்கம் ஒன்பது போல்ஸ், மறுபக்கம் எட்டு. திட்டிக்கொண்டே ரின்னுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துச் சாரத்தில் துடைத்து வைத்தார். அதற்குக் காசு எடுக்கவில்லை.