டி.இ.ஏ.: திட்டிக்கொண்டே ஓட்டுகிறேன்

மாநிலங்களின் புத்தாக்கத் திறனை அளக்க டி.இ.ஏ. (குறைந்த உள்ளீட்டில் அதிக விளைவு எடுத்தவர்களை எல்லைக்கோடாக வைத்து, ஒவ்வொருவருக்கும் 1 வரை மதிப்பெண் போடும் கணக்கு முறை) போதுமா, ஸ்டோகாஸ்டிக் பக்கம் (தரவில் வரும் தற்செயல் பிழைக்கும் இடம் விட்டு அதே எல்லையை மதிப்பிடும் புள்ளியியல் முறை) போகலாமா என்று ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். டி.இ.ஏ.வை அறிமுகப்படுத்தி 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். பல வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் நல்லது. நிதி ஆயோக்கின் புத்தாக்கக் குறியீடு, போட்டதையும் எடுத்ததையும் சேர்த்துச் சராசரி போடுகிறது. 2019, 2020, 2021 மூன்று பதிப்பிலும் பெரிய மாநிலங்களில் கர்நாடகம்தான் முதலிடம். சரி, குறைவாகப் போட்டு நிறைய எடுத்தது யார்? அதற்கு டி.இ.ஏ.தான் பதில் சொல்லும், எடைகளையும் நாம் திணிக்க வேண்டாம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது முடிவுக் கோப்பில் வரும் 'பியர்' பட்டியல். ஒரு மாநிலம் 0.72 வாங்கினால், எந்தெந்த மாநிலங்களோடு, என்ன விகிதத்தில் ஒப்பிட்டு அந்த எண் வந்தது என்று அங்கேயே இருக்கும். மதிப்பெண்ணை மறந்துவிட்டு அதை மட்டும் வைத்தே ஒரு மணி நேரம் பேசலாம்.

இப்போது வயிற்றெரிச்சல். எல்லைக்கோட்டை வரைவது முன்னால் நிற்கும் நாலைந்து மாநிலங்கள்தான். அதில் ஒன்றின் எண் ஊதிப்போயிருந்தால் மற்றவர்கள் எல்லாம் மட்டம். அதைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், மளமளவென்று ஏறுவார்கள். எண் எப்படி ஊதும் என்றால், 2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணம் 80 சதவீதம் குறைந்தது. கல்லூரிகள் விண்ணப்பங்களைக் குவித்தன. 2022-23-இல் விண்ணப்பத்தில் தமிழ்நாடுதான் மாநிலங்களில் முதலிடம், சந்தோஷம். ஆனால் அந்த எண்ணிக்கையை விளைவாகக் கொடுத்து மால்ம்குவிஸ்ட் (வருடத்துக்கு வருடம் வரும் மாற்றத்தை அளக்கும் டி.இ.ஏ. கணக்கு) ஓட்டினால், கட்டணச் சலுகைகூட 'தொழில்நுட்ப முன்னேற்றம்' ஆகிவிடும்! வழங்கப்பட்ட காப்புரிமையை எடு என்பார்கள். எடுத்தால், அது எந்த வருடத்துச் செலவின் பலன்? செலவுக்கும் பலனுக்கும் நடுவில் வைக்கும் இடைவெளியை இரண்டிலிருந்து மூன்று வருடமாக்கினால் வரிசையே ஆட்டம் காண்கிறது. சிமர்-வில்சன் பூட்ஸ்ட்ராப் (திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து மதிப்பெண்ணின் சாய்வைத் திருத்தும் முறை) கொஞ்சம் அடக்கும்தான். தரவே ஊதிப்போயிருந்தால் அது என்ன செய்யும், பாவம்.

போதாக்குறைக்கு, அந்தக் குறியீட்டில் பெரிய மாநிலங்களே 17தான். மூன்று உள்ளீடு, மூன்று விளைவு வைத்தால் உள்ளீடு, விளைவு மொத்தத்தைப்போல் மூன்று மடங்கு மாநிலங்களாவது இருக்க வேண்டும் என்ற வழக்கமான 'மூன்று மடங்கு' கணக்குப்படி 18 வேண்டும். ஆளாளுக்கு 1 வாங்கி உட்கார்ந்துகொள்வார்கள். வி.ஆர்.எஸ். (அளவு மாறினால் பலன் அதே விகிதத்தில் மாற வேண்டியதில்லை என்ற அனுமானம்) போட்டாலோ, ஆராய்ச்சிக்கு எல்லோரையும்விடக் குறைவாகச் செலவழித்த மாநிலத்துக்கும் 1 நிச்சயம், விளைவு எவ்வளவு சொற்பமாக இருந்தாலும்.

நியாயமாகப் பார்த்தால் ஐந்துக்கு நாலு தர வேண்டிய கருவி. இன்றைக்கு இருக்கிற கடுப்பில் இரண்டுதான். தம்பி, 17 மாநிலங்களை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள். பல வருடத் தரவைச் சேர்த்து ஸ்டோகாஸ்டிக் பக்கமே போங்கள். என் அடுத்த அறிக்கையா? டி.இ.ஏ.தான். பியர் பட்டியல் வேறு எங்கே கிடைக்கும்?