ஃபார்ம் டி இணையச் சேவை: பினாங்கு மசாலா ஆலைக்கு எவ்வளவு உதவும்?

பட்டர்வொர்த்தில் அரைத்த கறித்தூளை தாய்லாந்தின் ஹட்யாய்க்கும் இந்தோனேசியாவின் மேடானுக்கும் அனுப்புகிற ஆலைகள், ஆசியான் வரிச் சலுகைக்குப் பெரும்பாலும் மலேசிய வர்த்தக அமைச்சான மிட்டி தரும், சரக்கு எந்த நாட்டில் உண்டானது என்று காட்டும் ஃபார்ம் டி சான்றிதழைத்தான் நம்பியிருக்கின்றன. அதற்கு விண்ணப்பிக்கும் இ-பிசிஓ இணையச் சேவைக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. விண்ணப்பம் அனுப்புவது சுலபம். அதற்கு முன்னால் வரும் செலவுக் கணக்குதான் ஆளைப் பிழிந்துவிடும். சின்ன ஆலைகள் அதை ஃபார்வர்டிங் ஏஜெண்டிடம் (சரக்கு அனுப்பித் தரும் முகவரிடம்) தள்ளிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. சிக்கல் அங்கேதான் முளைக்கிறது.

வேலை இரண்டு கட்டம். முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் செலவுக் கணக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும்: மூலப்பொருள், அதன் எச்எஸ் எண் (சுங்கத்துறை பொருளை வகைப்படுத்தும் எண்), எந்த நாட்டுச் சரக்கு, விலை, கூலி, மற்றச் செலவு, லாபம், எஃப்ஓபி விலை (ஏற்றுமதிக்கு ஏற்றும் வரையிலான விலை). அது முடிந்தால்தான் ஒவ்வொரு சரக்குக்கும் சான்றிதழ் கேட்கலாம்.

ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தத்தின் பொது விதிப்படி எஃப்ஓபி விலையில் 40 விழுக்காடாவது ஆசியானுக்குள் உண்டான மதிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எச்எஸ் எண்ணின் முதல் நான்கு இலக்கம் மாறியிருக்க வேண்டும். உங்கள் பொருளுக்குத் தனி விதி உண்டா என்று பொருள்வாரிப் பட்டியலை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கிலோ கறித்தூளின் எஃப்ஓபி விலை 20 வெள்ளி (ரிங்கிட்). அதில் இந்திய மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் சேர்ந்து 11.40 வெள்ளி. மீதி 8.60, அதாவது 43 விழுக்காடு, தேறிவிடும். மிளகாய் விலை ஏறி கிலோவுக்கு 1.20 வெள்ளி கூடினால் மூலப்பொருள் 12.60 ஆகிறது. விற்கும் விலையை மாற்றாவிட்டால் 37 விழுக்காடுதான், தவறிவிடும். பழைய ஒப்புதல் கணினியில் பத்திரமாக இருக்கும். மிளகாய் விலை ஏறியது அதற்குத் தெரியாது. கணக்கைப் புதுப்பிக்க வேண்டியது ஆலைதான். விழுக்காடு 45-க்குக் கீழே இருக்கிற பொருளுக்கு, ஒவ்வொரு மிளகாய்க் கொள்முதலுக்கும் பிறகு கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. லெபோ பாசாரில் மூட்டை வாங்கினால் பில் மலேசிய பில்தான், ஆனால் மல்லி இந்திய மல்லி. அதை உள்நாட்டுப் பொருள் என்று எழுதக் கூடாது. இந்திய மிளகாய் ஆசியான்-இந்திய ஒப்பந்தச் சான்றிதழான ஃபார்ம் ஏஐ-யோடு வந்திருந்தாலும் ஃபார்ம் டி கணக்கில் அது வெளிச்சரக்குதான், அதாவது ஆசியானுக்கு வெளியே உண்டான சரக்கு. இரண்டும் வெவ்வேறு ஒப்பந்தம். வியட்நாம் மிளகு ஃபார்ம் டி-யோடு வந்தால் அது நம் பக்கம் சேரும். கலவையில் மிளகு அதிகமிருந்தால் இந்த ஒன்றே கணக்கைத் தேற்றிவிடும்.

நான்கு இலக்க விதியில் போகிறவர்கள் மஞ்சளைக் கவனிக்க வேண்டும். மிளகாய் 0904, மல்லியும் சீரகமும் 0909; அரைத்து வரும் கறித்தூள் 0910, ஆகவே இவற்றின் எண் மாறிவிடுகிறது. மஞ்சளும் இஞ்சியும் 0910-லேயே இருப்பதால் மாறாது. அப்படி மாறாத வெளிச்சரக்கு எஃப்ஓபி விலையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 20 வெள்ளிக் கறித்தூளில் அது 2 வெள்ளி. இந்த விதியில் ஒரு நல்லதும் உண்டு: பல நாடுகளுக்குப் போகும் சான்றிதழில் எஃப்ஓபி விலையைக் காட்ட வேண்டியதில்லை. இடையில் வியாபாரி இருக்கிற இடத்தில் ஆலை விலை கடைசியில் வாங்குபவருக்குத் தெரியாது என்பதால் இது பெரிய உதவி.

சான்றிதழ் மின்வடிவில் போய்ச் சேருவதில் குறை சொல்ல அதிகமில்லை. உறுப்பு நாடுகளின் சுங்க அமைப்புகளை இணைக்கும் ஆசியான் ஒற்றைச் சாளரம் வழியாக 2018-இல் ஐந்து நாடுகள் தொடங்கின. 2020-க்குள் அப்போதைய பத்து உறுப்பு நாடுகளும் சேர்ந்துவிட்டன. தாளை கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்துக் கிடக்கும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. சான்றிதழ் ஏற்கப்படாமல் திரும்பி வருவதெல்லாம் வழக்கமான காரணங்களால்தான். இங்கே போட்ட எச்எஸ் எண்ணை அங்குள்ள கஸ்டம்ஸ் ஏற்காது. ஆகவே வாங்குபவர் எந்த எண்ணில் அறிவிக்கப் போகிறார் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். இன்வாய்ஸ் மூன்றாம் நாட்டு நிறுவனத்தினுடையது என்றால் அதற்கான கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். புக்கிட் காயு ஹீத்தாம் வழியாக லாரியில் போகும் சரக்கு சில மணி நேரத்தில் எல்லையைத் தாண்டிவிடும், சான்றிதழ் பின்தங்கிவிடலாம். ஏற்றுமதித் தேதியிலிருந்து 3 நாள் கடந்து வாங்கும் சான்றிதழில் பின்தேதி வழங்கல் என்ற குறிப்பு இருக்க வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள்தான். எழுத்துப் பிழை மாதிரியான சின்ன வித்தியாசத்துக்காக மட்டும் சான்றிதழைத் தள்ளக் கூடாது என்று விதியே சொல்கிறது. வாங்குபவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

சிங்கப்பூருக்குப் போகும் மசாலாவுக்கு ஃபார்ம் டி எடுப்பது பெரும்பாலும் வீண் வேலை. அங்கே மசாலாவுக்கு இறக்குமதி வரியே கிடையாது. வாங்குபவர் அதை வைத்து வேறொன்று தயாரித்து இன்னொரு ஆசியான் நாட்டுக்கு அனுப்பினால் மட்டும் எடுங்கள். 200 அமெரிக்க டாலருக்கு மேல் போகாத சாம்பிள் சரக்குக்கும் தேவையில்லை.

மாதம் பல முறை அனுப்புகிற ஆலை சுயசான்று முறைக்கு மாறலாம். 2020 செப்டம்பர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது: அங்கீகாரம் பெற்ற ஏற்றுமதியாளர் இன்வாய்ஸிலேயே உறுதிமொழி எழுதி அனுப்பலாம். ஆனால் அரசு அதிகாரி முன்கூட்டிப் பார்க்காத கணக்கு அது. தப்பு இருந்தால் முழுப் பொறுப்பும் ஆலையின் தலையில்தான் விழும். கணக்கை வெளியாள் எழுதித் தருகிற ஆலைக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஏஜெண்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் செலவுக் கணக்கின் எக்செல் கோப்பு உங்கள் கையில் இருக்கட்டும். அதோடு கொள்முதல் பில், இறக்குமதிக்கான கே1 சுங்கப் படிவம், அரைத்த தேதியும் அளவும் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் குறைந்தது 3 ஆண்டு வையுங்கள். வாங்கும் நாட்டு கஸ்டம்ஸ் சந்தேகப்பட்டு விசாரித்தால் நம் பக்கம் பதில் போக 90 நாள்தான் அவகாசம். அந்த நேரத்தில் கேட்பது சான்றிதழை அல்ல, மூட்டை வாங்கிய பில்லை.