புதுச்சேரியில் பாய்மர ரிப்பேர்: என்ன கிடைக்கிறது, என்ன சொல்லிச் செய்ய வேண்டும்

மச்சான் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கி அரியாங்குப்பம் ஆற்றோரம் நிறுத்தியிருக்கிறான். இரண்டு உடல் வைத்த சின்ன கேட்டமரான். நான் பிரான்சிலிருந்து கிளம்பும் முன்பே போட்டோ அனுப்பிவிட்டான். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பக்கக் கம்பிகளைத் தாங்கும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு பாய்மரத்தில் லொடலொடவென்று ஆடுகிறது, ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி.

அந்தப் பொடியைப் பலர் உப்பு என்று துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பாய்மரத்தின் அலுமினியம் அரிபட்டு வரும் பொடி. அலுமினியமும் எஸ்எஸ்ஸும் ஒட்டியிருந்து நடுவில் கடல் தண்ணீர் தங்கினால் அந்த இடம் ஒரு பேட்டரி ஆகிவிடும்; கரைவது அலுமினியம். மேலே தகடு பளபளவென்று இருக்கும், அடியில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். காற்றடிக்கும்போது தகடு பிய்ந்தால் மொத்தப் பாய்மரமும் சாயும், படகில் இருப்பவர்கள் மேலும் விழலாம்.

முதலில் போன பட்டறையில், “ஆர்கான் வச்சு ஒட்டிடலாம் சார், அரை மணி நேர வேலை” என்றார்கள், ஆர்கான் வாயு வைத்துச் செய்யும் வெல்டிங்கைத்தான் சொன்னார்கள். பாய்மரக் குழாய் பெரும்பாலும் சூட்டுப் பதம் ஏற்றிய அலுமினியம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் இறங்கி, மரம் அங்கேயே மடங்கக்கூடும். வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். இன்னொரு கடையில் 316 எஸ்எஸ் (உப்புக் காற்றைத் தாங்கும் ரகம்) என்று பில் போட்டுப் போல்ட் கொடுத்தார்கள். வேறொரு இரும்புக் கடையில் மாலி டெஸ்ட், அதாவது மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும் சொட்டு, விட்டுப் பார்த்தோம், நிறமே மாறவில்லை. அது 316 இல்லை. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. உப்புக் காற்றைத் தாங்குவது அதனால்தான். சாதாரண எஸ்எஸ்ஸா 316-ஆ என்பது காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாது. சொட்டுச் சோதனை செய்துகாட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

நல்ல வேலை கிடைத்தது தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம். ஃபைபர் படகும் அவுட்போர்டு இன்ஜினும் பார்க்கும் ஒரு பெரியவர். பாய்மரம் அவர் கைக்குப் புதுசு, ஆனால் உப்பு தின்ற உலோகம் புதுசில்லை. இறுகிப்போன ஸ்க்ரூவை அவர் எடுத்த எடுப்பில் முறுக்கவில்லை. எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டார். மறுநாள் ஹீட் கன்னால் ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் மெதுவாகச் சூடேற்றி, இம்பாக்ட் டிரைவரை (தட்டினால் ஸ்க்ரூவைத் திருப்பும் கருவி) வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. “சூட்டுல அலுமினியம் ஸ்டீலைவிட அதிகமா விரியும் தம்பி, அந்த நேரத்துலதான் கழட்டணும்” என்றார். ஒரு ஸ்க்ரூகூடத் தலை உடையாமல் வந்தது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பழைய ஓட்டைகள் அகன்றுபோனதால் அதிலேயே ரிவெட் அடிக்க முடியாது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் 316 தகடு ஒன்றைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, நல்ல அலுமினியம் இருக்கும் இடத்தில் விழும்படி புது ஓட்டைகள் போட்டோம். கம்பி மாட்டும் துளை மட்டும் பழைய உயரத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கக் கம்பியும் சமமாக நிற்காது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே வைக்கப் பெரியவர் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனை வெட்டி, தகட்டின் அளவுக்கே கத்தரித்துக் கொடுத்தார். கறுப்பு ரப்பர் வேண்டாம் என்று நான் சொன்னேன். அதில் உள்ள கார்பன் அரிப்பைக் கூட்டிவிடலாம். மோனல் ரிவெட்டும் (நிக்கலும் செம்பும் கலந்த உலோகம்) டெஃப்-ஜெல்லும் (உலோகங்களுக்கு நடுவே அரிப்பைத் தடுக்கப் பூசும் பசை) நான் வரும்போதே பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன், இங்கே வந்து தேடி அலைய வேண்டாம்.

கூலி? பிரான்சில் ஒரு மணி நேரத்துக்குக் கேட்கும் பணத்தில் இங்கே மொத்த வேலையும் முடிந்தது. பெரியவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தோம்.

கம்பி வேலைக்கு மட்டும் வழி இல்லை. பாய்மரக் கம்பியின் முனையை அழுத்திப் பூட்டும் கருவி நான் போன பட்டறை எதிலும் இல்லை. பழைய கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தது, அதனால் படகை இன்னும் இறக்கவில்லை. கம்பியின் நீளத்தை ஒரு முனையில் மாட்டும் பின்னிலிருந்து மறுமுனைப் பின் வரை அளந்து எழுதி எடுத்துக்கொண்டேன், பிரான்சில் செய்து பார்சலில் அனுப்ப வேண்டும்.