ஒரே ஒரு பாட்டுக்காக வாங்கிய டிவிடி: ‘சராஃபினா!’ இயக்குநர் பதிப்பு

டர்பனில் பழைய இசைத்தட்டுகளும் டிவிடிகளும் விற்கும் சிறிய கடை ஒன்றில், சென்ற மாதம் 90 ராண்ட் கொடுத்து ‘சராஃபினா!’ திரைப்படத்தின் இயக்குநர் பதிப்பை வாங்கினேன். நிறவெறி ஆட்சிக் காலத்துச் சொவேட்டோ பள்ளி மாணவி ஒருத்தியின் கதையைச் சொல்லும் இந்த இசைப்படம் 1992இல் வெளியானது. அந்த ஆட்சியை எதிர்த்து 1976இல் நடந்த சொவேட்டோ மாணவர் எழுச்சியின் 30ஆம் ஆண்டு நினைவாக 2006 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவில் படம் மீண்டும் திரையிடப்பட்டபோது, முதல் வெளியீட்டில் வெட்டப்பட்டிருந்த ஒரு காட்சி அதில் சேர்க்கப்பட்டது. தாயும் மகளும் சந்திக்கும் காட்சி அது. அதற்குள் ஒரு பாட்டும் உண்டு. மற்றபடி இரண்டு பதிப்புகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பழைய பதிப்பு வீட்டிலேயே இருக்கும்போது ஒரு பாட்டுக்காக இன்னொன்றை வாங்க வேண்டுமா என்று மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். வாங்கியது வீண் இல்லை என்பதே என் முடிவு. அதற்குக் காரணம் சராஃபினாவாக நடித்த லெலெட்டி குமாலோ.

குமாலோ 1970இல் டர்பனுக்கு வடக்கேயுள்ள குவாமாஷுவில் பிறந்தவர். டர்பனில் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட பீனிக்ஸில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது அடுத்த ஊர். ஆனால் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் போட்ட கோட்டுக்கு அப்பால் இருந்ததால், வெகுகாலம் நாங்கள் பேருந்துச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்த ஊர். அங்கே ஒரு வீட்டுப் பின்கட்டில் இயங்கிய இளைஞர் நடனக் குழுவில் ஆடிக்கொண்டிருந்த அவர், 1985இல் நாடகாசிரியர் எம்பொங்கெனி ங்கேமாவின் நடிகர் தேர்வுக்குப் போனார். அவரை மனத்தில் வைத்தே ங்கேமா தம் புதிய இசை நாடகமான ‘சராஃபினா!’வின் நாயகியை எழுதினார். 1987இல் ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் அரங்கேறிய அந்த நாடகம், அதே ஆண்டில் நியூயார்க்கின் லிங்கன் சென்டருக்குச் சென்றது. பின்னர் 1988 ஜனவரி முதல் 1989 ஜூலை வரை பிராட்வேயில் 597 முறை மேடையேறியது. அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுக்கு, இசை நாடகத் துணைநடிகைப் பிரிவில் பரிந்துரை குமாலோவுக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது பதினெட்டு. கதையே அவர் பெயரில் நடக்கும்போது ‘துணைநடிகை’ என்ற வகைப்பாடு எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ங்கேமாவும் இசைக்கலைஞர் ஹியூ மசகேலாவும் சேர்ந்து செய்த நாடகப் பாடல்கள், தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளின் நடன இசையான எம்பகாங்கா தாளத்தில் அமைந்தவை. பிராட்வே குழுவினர் பாடிய ஒலிப்பதிவு தனியாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தால்தான் திரையில் எது கூடியது, எது குறைந்தது என்பது தெரியும். மேடையில் மாணவர் கூட்டம் முழுவதும் ஒரே உடம்பு போல அசையும். நாயகியின் குரல் அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து மீண்டும் அதற்குள்ளேயே அடங்கும். எங்கள் ஆயா தம் இளமையில் கோயில் திருவிழாக்களில் விடிய விடியப் பார்த்த தெருக்கூத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. நேட்டாலில் அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்றுதான் பெயர். அங்கும் ஆடுபவர்தான் பாடுவார். அவர் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட முடியாது. அந்தக் கண்ணோடு பார்க்கும் தமிழருக்குக் குமாலோவின் நடிப்பு அந்நியமாகத் தோன்றாது.

படத்தில் அந்த ஓட்டம் அடிக்கடி அறுகிறது. இயக்குநர் டாரல் ரூட் கதையைச் சொவேட்டோவின் உண்மைத் தெருக்களுக்குக் கொண்டுபோனது நல்ல முடிவு. ஆனால் பாட்டு வரும் இடங்களில் கேமரா கூட்டத்தை முழுமையாகப் பார்க்கவிடாமல் காலையும் கையையும் முகத்தையும் துண்டு துண்டாகக் காட்டுகிறது. வரலாற்று ஆசிரியையாக வரும் ஹூப்பி கோல்ட்பெர்க் அடக்கமாகவே நடித்திருக்கிறார்; எனினும் அமெரிக்கப் பார்வையாளருக்காக அவர் பக்கம் கதை கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை. தலைமையாசிரியராக வரும் ஜான் கானியோ சில நிமிடங்களிலேயே மனத்தில் தங்கிவிடுகிறார். இத்தனைக்கும் நடுவில் படத்தைத் தாங்குவது குமாலோதான். சுவரில் ஒட்டிய மண்டேலா படத்தோடு அவர் பேசும் காட்சிகளில், பாடாத வரிகளுக்கும் ஒரு தாளக்கட்டு இருக்கிறது. மூச்சை எங்கே எடுப்பது, எந்தச் சொல்லில் தோளைத் திருப்புவது என்பதெல்லாம் நூற்றுக்கணக்கான இரவுகள் மேடையில் நின்றவருக்கே கைவரும்.

இனி அந்தக் கூடுதல் காட்சி. சிறையில் வதைபட்டு வெளியே வந்த சராஃபினா, வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும் தாயைத் தேடிப் போகிறாள். அடிமைப்பட்டுக் கிடக்கிறாள் என்று முன்பு தான் இளக்காரமாக நினைத்த தாய்தான் உண்மையில் குடும்பத்தைச் சுமந்தவள் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதைப் பாட்டில் சொல்கிறாள். தாயாக நடித்திருப்பவர் பாடகி மிரியம் மகேபா. 1959இல் ‘கிங் காங்’ என்ற இசை நாடகத்தில் நடித்துப் பெயர் பெற்று, பின் முப்பது ஆண்டுகள் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் இருந்து, 1990இல்தான் வந்தவர். இந்நாட்டு இசை நாடகத்தின் இரண்டு தலைமுறைகள் ஒரே சட்டகத்துக்குள் நிற்கும் இந்தக் காட்சியை முதலில் எப்படி வெட்ட மனம் வந்ததோ! இது இல்லாத பழைய பதிப்பில் சராஃபினாவின் மனமாற்றம் திடீரென்று நடந்ததுபோல் இருக்கும். இதைப் பார்த்த பிறகுதான் படத்தின் கடைசிப் பகுதி எனக்குப் பொருந்தி வந்தது.

தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தின் நிறம் தெளிவாக இருக்கிறது. பாட்டு வரும்போது ஒலி சட்டென்று உயர்வதும் பேச்சு வரும்போது தாழ்வதும் எரிச்சலூட்டுகின்றன. ரிமோட் கையிலேயே இருக்க வேண்டியிருக்கிறது. நான் வாங்கிய பிரதியில் ஜூலுப் பாடல் வரிகளுக்குச் சப்டைட்டில் இல்லை. குவாஜூலு-நேட்டாலில் இருப்பவர்கள் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்; சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த மைத்துனருக்கு நான்தான் பக்கத்திலிருந்து பொருள் சொன்னேன், அதிலும் பாதி தப்பாக இருந்திருக்கலாம். முதலில் கொடுத்த தட்டு நடுவில் நின்றுவிட்டது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு தட்டு மாற்றிக் கொடுத்தார்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, அதே இயக்குநர் குமாலோவை வைத்து 2004இல் எடுத்த ‘எஸ்டர்டே’. ஆஸ்கரின் பிறமொழிப் படப் பிரிவில் பரிந்துரை பெற்ற ஜூலு மொழிப் படம் அது. எச்.ஐ.வி. தொற்றிய கிராமத்துத் தாயாக வரும் அவர் அதில் ஆடிப்பாடுவதில்லை. அந்த அமைதியும் மேடையில் பழகியதுதான். ‘ஜெனரேஷன்ஸ்’, குவாமாஷுவிலேயே நடக்கும் ‘உஸாலோ’, டர்பன் இந்தியக் குடும்பம் ஒன்றும் கதையில் வரும் ‘இம்பேவு’ ஆகிய தொலைக்காட்சித் தொடர்கள் வழியாகத்தான் இன்றைய இளையவர்களுக்கு அவரைத் தெரியும். அவற்றில் அவர் குறை வைக்கவில்லை. ஆனால் நாள்தோறும் ஓடும் தொடர் நடிகரிடம் கேட்பது முகத்தை மட்டுமே. அவரது முதுகும் கால்களும் குரலும் என்ன செய்யும் என்பது அந்தத் தொடர்களிலிருந்து தெரியாது.

எங்கள் வட்டத்தில் ங்கேமாவின் பெயரைச் சொன்னாலே சிலர் முகம் சுளிப்பார்கள். இந்தியர்களைச் சாடி 2002இல் அவர் வெளியிட்ட பாட்டு ஒலிபரப்புக்குத் தகாதது என்று ஒலிபரப்புப் புகார் ஆணையம் தீர்ப்பளித்தது. அந்தக் காயத்தை நான் சிறிதாக்கிப் பேச விரும்பவில்லை. அதே மனிதரின் நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவந்த தயாரிப்பாளர் டர்பனில் பிறந்த ஆனந்த் சிங் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

பிராட்வே ஒலிப்பதிவு வைத்திருப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். பழைய பதிப்பு மட்டும் உள்ளவர்களும் வாங்கலாம். சிறுவர்களோடு பார்க்க நினைப்பவர்கள் முதலில் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்; காவலர் ஒருவரைக் கூட்டம் எரிக்கும் காட்சியும் வதைக் காட்சிகளும் கடுமையானவை. தாயும் மகளும் சந்திக்கும் இடம் வரும்போது ரிமோட்டை எடுத்து ஒலியைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். மகேபா அங்கே மிகவும் மெதுவாகப் பேசுகிறார்.