கேமராவா, கிரில் கேட்டா, நாயா, துணைக்கு ஆளா? திருட்டு முயற்சிக்குப் பிறகு எது தூங்கவிடும்

திருட்டு நடந்த வீட்டில் எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்று கணக்குச் சொல்லவாவது ஏதோ இருக்கும். முயற்சி மட்டும் நடந்த வீட்டில் அதுவும் கிடையாது. பின்கதவில் கடப்பாரையால் நெம்பிய தடம், நிலையில் பெயர்ந்த மரச்சில்லு, காம்பவுண்டுச் சுவரில் கால் வைத்து ஏறிய அழுக்கு. விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் “ஒண்ணும் போகலையே, அந்த மட்டும் நல்லதாப் போச்சு” என்று சொல்லி, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ராத்திரி மாடியில் பூனை குதித்தால் எழுந்து உட்கார்வது வீட்டுக்காரர்கள்தான்.

எங்கள் வீடு திருச்சி ஓரத்தில் ஒரு தனி வீடு, பின்பக்கம் காலி மனை. பின்கதவை யாரோ நெம்பிப் பார்த்துவிட்டுப் போன மறுநாளே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கணவருக்குக் கேமரா. அத்தைக்கு நாய். என் அண்ணனுக்கு, “வாடகைக்கு விட்டுட்டு ஃப்ளாட்டுக்குப் போயிடுங்க.” ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் எடை போட வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று, அவன் மறுபடி வந்தால் இது தடுக்குமா? இன்னொன்று, வீட்டில் இருப்பவர்களை இது தூங்கவிடுமா? முதல் கேள்வியில் தேறுகிற பல சாமான்கள் இரண்டாவதில் தோற்றுவிடுகின்றன. கடையில் யாரும் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

அவன் மறுபடி வருவானா என்ற பயம் வெறும் மனப்பிரமை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் திருட்டோ முயற்சியோ நடந்தால், அதை அடுத்த சில வாரங்களில் அதே வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் மறுபடி நடக்க வாய்ப்பு கூடுகிறது, நாளாக ஆக அது குறைகிறது என்பது பிரிட்டனில் பல ஆண்டுகளாக ஆராய்ந்து கண்ட விஷயம். எந்தப் பக்கம் ஏறலாம், எந்தக் கதவு லேசு என்று வந்தவனுக்குத் தெரிந்துவிட்டது அல்லவா? ஆகவே செய்வதை முதல் வாரத்திலேயே செய்ய வேண்டும். நல்ல முகூர்த்தம் பார்த்து, போனஸ் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

கேமராவும் கதவும்

முதலில் எல்லாரும் ஓடுவது கேமராவுக்குத்தான். சென்னைக் காவல் ஆணையராக ஏ.கே.விசுவநாதன் இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருவுக்குத் தெரு கேமரா வைக்கச் சொன்னதிலிருந்து, கேமரா இல்லாத வீடு ஏதோ கூரை இல்லாத வீடு என்கிற மாதிரி ஆகிவிட்டது. அதன் பலனை மறுக்கவில்லை. வந்தவன் முகம், வண்டி, போன திசை எல்லாம் பிறகு துப்பு துலக்க உதவும். ஆனால் உதவி பெரும்பாலும் ‘பிறகு’தான். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வருகிறவன் கேமராவைப் பார்த்து நிற்பதில்லை. போகும்போது பதிவாகிற பெட்டியையும் ஹார்டு டிஸ்கையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போன செய்திகளை நாமே எத்தனை தடவை படித்திருப்போம். அந்தப் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காமல் கண்ணில் படாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். ரௌட்டரையும் அதையும் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும். கரண்ட் போனால் குருடாகிற கேமரா எதற்கு?

என் பெரிய புகார் வேறு. இரவில் கேமரா அகச்சிவப்பு வெளிச்சம் காட்டும். லென்ஸுக்குப் பக்கத்தில் சிலந்தி வலை பின்னும், பூச்சி பறக்கும், பல்லி ஓடும். ஒவ்வொன்றுக்கும் போன் ‘நடமாட்டம்’ என்று சிணுங்கும். ஏற்கெனவே பயந்திருக்கிறவர் இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பார், பூச்சிதான் என்று படுப்பார், பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார். சரிபார்ப்பது தரும் நிம்மதி ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சீக்கிரமே தீர்ந்துபோகும். கடைசியில் சம்பளம் இல்லாத வாட்ச்மேன் வேலை. கேமரா வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மனித உருவத்துக்கு மட்டும் எச்சரிக்கை வரும்படி மாற்றி, அந்தச் செயலியை வீட்டில் யார் நன்றாகத் தூங்குகிறாரோ அவர் போனில் மட்டும் போடுங்கள். பயந்தவர் போனில் வேண்டவே வேண்டாம். அடுத்த வீட்டுக் குளியலறை ஜன்னலோ மொட்டை மாடியோ படத்தில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபத்துக்கு முதலில் ஓடி வர வேண்டியவர்களோடு சண்டை எதற்கு?

இப்போது கதவு. எங்களுக்கு வந்த ஆசாரி பூட்டைப் பார்க்கவே இல்லை. நிலையில் தாழ் விழுகிற இடத்து ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டினார்; முக்கால் இஞ்ச்தான் இருந்தது. “பூட்டு உசத்திதாம்மா. அது புடிச்சிருக்கிற கட்டைதான் வீக்கு” என்றார். நிறைய வீடுகளில் கதை இதுதான். முன்கதவு தேக்கு, பித்தளைக் குமிழ், விலை உயர்ந்த பூட்டு. பின்கதவு மட்டும் ஃப்ளஷ் டோர், ஒரே ஒரு தாழ்ப்பாள். வருகிறவன் முன்கதவை ரசிக்க வருவதில்லை. நிலைக்குள் ஆழமாக இறங்கும் மூன்று இஞ்ச் ஸ்க்ரூ, இரும்புத் தகடு, மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள், நடுவில் பூட்டு மாட்டுகிற பெரிய தாழான ஓர் அல்ட்ராப் என்று போட்டாலே நெம்புகிறவனுக்கு நேரம் பிடிக்கும், சத்தமும் எழும். அவனுக்குப் பிடிக்காதவை அவை இரண்டும்தான். மொத்தச் செலவு கேமரா செட்டில் ஒரு சிறு பங்குதான் வரும்.

அதற்கு மேல் கிரில் கேட் போடுவது உங்கள் வசதி. தூக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. பூட்டுகிற சத்தத்தைக் காது கேட்டுவிட்டால் மனசு ஏற்றுக்கொள்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. பயத்தில் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைப்பதும், எல்லா ஜன்னலுக்கும் கம்பியை வெல்டு வைத்துவிடுவதும் நடக்கிறது. நம் வீடுகளில் பின்வாசல் சமையலறையை ஒட்டி இருக்கும், சிலிண்டரும் அங்கேதான் இருக்கும். தீப்பிடித்தால் முன்வாசல் ஒன்றுதான் வழி என்று ஆக்கிவிடாதீர்கள். வெளியேற இரண்டு வழி வேண்டும். கேட்டுச் சாவி உள்ளே, எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆணியில், வெளியிலிருந்து கைக்கெட்டாத தூரத்தில் தொங்க வேண்டும்.

பூட்டு பற்றி ஒரு வரி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல பூட்டுதான். ஆனால் எந்தப் பூட்டாக இருந்தாலும் வெளிக்கேட்டில் தெருவைப் பார்த்துத் தொங்கினால் ‘உள்ளே ஆள் இல்லை’ என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். உட்பக்கமாகத் திருப்பிப் பூட்டுங்கள்.

விளக்கா, அலாரமா

இதில் எனக்குக் குழப்பம் இல்லை: விளக்கு. பிரிட்டன் ஆய்வுகளில் கதவுப் பூட்டு, ஜன்னல் பூட்டு, உள்விளக்கு, வெளிவிளக்கு நான்கும் சேர்ந்திருந்த வீடுகளுக்குத்தான் நல்ல பாதுகாப்பு தெரிந்தது. அலாரம் மட்டும் வைத்த வீடுகளுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. நம் ஊரிலும் அலாரம் அடித்தால் யாரோ கார் ரிவர்ஸ் எடுக்கிறார் என்று புரண்டு படுக்கிற தெருக்கள்தான் அதிகம். ஆள் வந்தால் எரிகிற சென்சார் விளக்கு வெளியூர் போகும்போது நல்லது. வீட்டில் பயந்தவர் இருக்கும்போது அது பூனைக்கும் பளிச்சென்று எரிந்து தூக்கிவாரிப் போடும். கொஞ்ச காலத்துக்குப் பின்பக்கம் விடிய விடிய எரிகிற சின்ன எல்இடி போதும்.

நாயும் அக்கம்பக்கமும்

அத்தை கேட்டது ராஜபாளையம். ஆள் அண்டாத நாய், வீட்டாருக்கு விசுவாசம், எல்லாம் சரி. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. காவலுக்கு வாங்குகிறவர்கள் குட்டியின் பின்னால் கைதட்டிப் பார்த்து வாங்க வேண்டும். சிப்பிப்பாறை வேட்டை நாய், அதற்கு ஓட இடம் வேண்டும். கோம்பை முரட்டு ஆசாமி, முதல் தடவை நாய் வளர்ப்பவர்களுக்குத் தோதுப்படாது. இதையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே சங்கிலியில் கட்டிப்போடத்தான் போகிறோம் என்றால் வாங்காமல் இருப்பதே புண்ணியம்.

ஆனால் நாயிடம் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ராத்திரி என்ன சத்தம் என்ற கேள்விக்கு அது உடனே பதில் சொல்லிவிடும். அது காதைக்கூட அசைக்காமல் படுத்திருந்தால் நாமும் புரண்டு படுக்கலாம். கேமராவால் தர முடியாத ஆறுதல் இது. அதற்கு உயர்சாதி நாய் தேவையில்லை, நம்ம நாட்டு நாயே போதும். பத்துப் பன்னிரண்டு வருஷப் பொறுப்பு, தடுப்பூசி, ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது என்பதையெல்லாம் யோசித்து, பயம் தணிந்த பிறகும் இது வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

நாய்க்கும் மேலே நான் வைப்பது பக்கத்து வீடுகளை. வெளியே சொன்னால் அசிங்கம், “நம்ம வீட்டுல என்னமோ நிறைய இருக்குன்னு நினைப்பாங்க” என்று மூடி மறைக்கிற வழக்கம் இருக்கிறது. மறைக்க வேண்டாம். 1980களில் இங்கிலாந்தின் ராச்டேல் பக்கம் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில், திருட்டுப்போன வீட்டைச் சுற்றி இருந்த ஐந்தாறு வீட்டாரிடம் மட்டும் ‘இந்த வீட்டின் மேல் ஒரு கண் வையுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். கூடவே திருடர்கள் குறிவைத்த, காசு போட்டால் ஓடும் கரண்ட், கேஸ் மீட்டர்களை வீடுகளிலிருந்து எடுத்தார்கள், பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது. ஊரையே கூட்டவில்லை, சுற்றி இருந்த சில வீடுகளைத்தான் சேர்த்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா “எத்தனை மணியானாலும் ஒரு மிஸ்டு கால் குடு, லைட்டப் போட்டுட்டு வெளிய வந்து நிப்போம்” என்று சொன்னது எங்களுக்கு எந்தச் சாமானும் தராத தைரியம்.

இதையே தெரு வாட்ஸ்அப் குழுவில் ‘சந்தேக நபர்’ என்று யார் படத்தையோ போடுவதாக மாற்றிவிடாதீர்கள். 2018இல் குழந்தை கடத்தல் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். பழைய பேப்பர் எடுக்க வருகிறவரும் வடநாட்டுக் கட்டட வேலைக்காரரும் நம் பயத்துக்கு விலை கொடுக்கக் கூடாது.

புகார் கொடுப்பதா, விடுவதா

“ஒண்ணும் போகலை, எதுக்கு ஸ்டேஷன் வாசப்படி ஏறணும்?” என்பார்கள். ஏற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் வீட்டை உடைத்து நுழைவதற்கு 331ஆம் பிரிவு, குற்ற முயற்சிக்கு 62ஆம் பிரிவு என்று தனித்தனியாகவே இருக்கின்றன. பொருள் போகாவிட்டாலும் குற்றம் குற்றம்தான். நிலைமையைப் பொறுத்து எஃப்ஐஆரோ, குறைந்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதோ வாங்காமல் வராதீர்கள். போவதற்கு முன் கதவுத் தடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதைத் தொட்டுத் துடைக்காதீர்கள். இரவு ரோந்தில் உங்கள் தெருவையும் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியூர் போகும்போது பூட்டிய வீடு என்று தகவல் கொடுத்துவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112. 2022இல் வந்த ‘காவல் உதவி’ செயலியும் இருக்கிறது.

நகையை வங்கி லாக்கருக்கு மாற்றுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் நஷ்டம் வந்தால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2022 ஜனவரி முதல் விதி வைத்திருக்கிறது. அது முழு நகைக்கும் ஈடாகாது, உண்மைதான். ஆனால் தலைமாட்டு பீரோவில் ஒன்றுமில்லை என்று தெரிந்து படுப்பது வேறு மாதிரி இருக்கிறது.

அங்கேயே இருப்பதா, போய்விடுவதா

சில நாள் அம்மா வீட்டில் தங்கிவிட்டு வரலாம் என்று முதலில் தோன்றும். அம்மாவை இங்கே வரச் சொல்வதுதான் மேல். தள்ளித் தள்ளிப் போகப் போக அந்த வீட்டில் படுப்பது பெரிய மலையாகிவிடும். ஃப்ளாட்டுக்கு மாறுவதையும் சில மாதம் தள்ளிப்போடுங்கள். பகலில் பூட்டிய ஃப்ளாட்டுகளிலும் திருடுகிறார்கள், வாட்ச்மேனும் தூங்குவார். வாடகை வீடாக இருந்தால் கணக்கு வேறு. பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடக்கூட ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யோசிக்காமல் காலி செய்யலாம்.

திடுக்கிட்டு விழிப்பது, சாப்பாடு இறங்காதது, பின்பக்கம் போகக் கால் வராதது எல்லாம் முதல் சில வாரத்தில் இயல்பு. ராத்திரி ஒருவர் பூட்டட்டும், இன்னொருவர் பார்க்கட்டும். ஒரே சுற்று, அதற்கு மேல் எழுந்து பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வராமல், பகலிலும் வேலை ஓடாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையும் ஒரு கட்டிங்கும் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது.

தனியாக இருக்கும் வயதான அம்மா வீட்டில் இது நடந்தால்? துபாயிலோ டல்லாஸிலோ இருக்கிற மகன் உடனே எட்டுக் கேமரா மாட்டச் சொல்வார். அதனால் தூங்குவது அவர்தான், அம்மா இல்லை. கூடத்தில் கால் நீட்டி உட்காரக்கூட அம்மாவுக்குக் கூச்சமாகிவிடும். அந்தக் காசில் பின்கதவைச் சரிசெய்து, தெருவில் தெரிந்த ஒரு பெண்ணை ராத்திரி துணைக்குப் படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். சம்பளத்தை முறையாகப் பேசி, மாதாமாதம் அம்மா கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.