குர்குமினா, குவெர்செட்டினா, இஜிசிஜியா: காமெட் சோதனைக்கு எது?

மஞ்சளில் குர்குமின், வெங்காயத்தில் குவெர்செட்டின், பச்சைத் தேயிலையில் இஜிசிஜி என்ற கேட்டசின். ஹைட்ரஜன் பெராக்சைடு டிஎன்ஏவை உடைப்பதை இயற்கைப் பொருள் தடுக்குமா என்று காமெட் சோதனையில் (உடைந்த டிஎன்ஏ மின்புலத்தில் செல்லிலிருந்து வால்போல நீளும்; வால் பெரிதானால் சேதம் அதிகம்) பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். ரேடிக்கல் எனும் வினைத்துடிப்பான மூலக்கூறுகளை அடக்கும் திறனை அளக்கும் டிபிபிஹெச் சோதனையில் மூன்றும் அருமையாக வரும். அந்த எண்ணை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது மெத்தனாலில் கிடைத்த எண். செல் இருப்பதோ 37 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7.4 ஊடகத்தில்.

அதிகம் ஏமாற்றுவது இஜிசிஜி. செல் வளர்க்கும் டிஎம்இஎம் ஊடகத்தில் கலந்த சிறிது நேரத்திலேயே தானாக ஆக்சிஜனேற்றமடைந்து பெராக்சைடை உண்டாக்கும். ஹாலிவெல் குழுவினர் 2000-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். அப்புறம் செல் சாவதும், டிஎன்ஏ உடைவதும் இஜிசிஜியின் வேலையா, அந்தப் பெராக்சைடின் வேலையா? பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த கிணறு (செல் வளர்ப்புத் தட்டின் குழி) ஒன்றை உடன் வையுங்கள். அதில் விளைவு மறைந்தால், நீங்கள் அளந்தது பெராக்சைடைத்தான்.

குர்குமினின் சிக்கல் வேறு. சீரம் (ரத்தத்தின் தெளிந்த திரவம்) இல்லாத, பிஹெச் 7.2 கரைசலில் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். 10 சதவீத சீரம் இருந்தால் மணிக்கணக்கில் தாங்கும். எனவே சீரத்தோடு, வெளிச்சம் படாமல் கொடுங்கள். அது தானே பச்சையாக ஒளிரும் என்பதால், ஆக்சிஜனேற்றமானால் பச்சையாக ஒளிரும் டிசிஎஃப்ஹெச் சாயத்தால் செல்லுக்குள் ஆக்சிஜனேற்றத்தை அளந்தால் எண் பிசகும்.

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது குவெர்செட்டின். செல்லுக்குள் நுழைந்து இரும்பைப் பிடித்துக்கொள்வதால், பெராக்சைடு அங்கே டிஎன்ஏவை உடைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலாக மாறுவது குறைகிறது. 5, 10, 25 மைக்ரோமோலாரில் தொடங்கலாம். ஊடகத்தில் இதுவும் கொஞ்சம் பெராக்சைடு தரும், ஆனால் இஜிசிஜி அளவுக்கு இல்லை.

எந்தப் பொருளானாலும் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: இந்தப் பொருள்களைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓவே ஹைட்ராக்சில் ரேடிக்கலை விழுங்கும். 0.1 சதவீதம் என்பது சுமார் 14 மில்லிமோலார். அதாவது 10 மைக்ரோமோலார் குவெர்செட்டினைப் போல 1,400 மடங்கு. பொருள் இல்லாமல் அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கன்ட்ரோல் இல்லையென்றால், காத்தது எது என்று சொல்லவே முடியாது. பைருவேட் உள்ள ஊடகமும் பெராக்சைடைத் தின்றுவிடும். ஆகவே பொருள் கொடுத்து முடித்ததும் செல்களை நன்றாகக் கழுவி, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் 50 முதல் 100 மைக்ரோமோலார் பெராக்சைடை ஐஸ் மேல் 5 நிமிடம் கொடுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் செல் உடைப்பைச் சரிசெய்யத் தொடங்கிவிடும்.

மற்றவை வழக்கம்போல்தான்: லைசிஸ் (செல்லைக் கரைத்தல்) குறைந்தது 1 மணி நேரம், பிஹெச் 13-க்கு மேல் 20 நிமிட டிஎன்ஏ அவிழ்ப்பு, பிறகு சென்டிமீட்டருக்கு 0.7 முதல் 1 வோல்ட் மின்புலம். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபான் புளூ சாயத்தில் உயிருள்ள செல் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தச் செறிவை விட்டுவிடுங்கள். சாகும் செல்லின் வால் மரபணுச் சேதம்போலவே தெரியும்.

பெராக்சைடே சேர்க்காமல், பொருள் மட்டும் கொடுத்த ஸ்லைடு கட்டாயம். செறிவு கூடினால் குர்குமினும் குவெர்செட்டினும் தாமே டிஎன்ஏவை உடைக்கும். இரண்டாவது ஸ்லைடில் எஃப்பிஜி நொதியும் போடுங்கள். சாதாரண காமெட்டில் தெரியாத 8-ஆக்சோகுவானைன் (ஆக்சிஜனேற்றமடைந்த டிஎன்ஏ காரம்) இருக்கும் இடத்தை இந்த நொதி வெட்டுவதால் அது அதில்தான் வாலாக வெளிப்படும்.