கடலோரமா, ரப்பர் தோட்டமா? குமரியில் அமைதி தேடுவோருக்கு

குழுவாக வருகிறீர்களா, தனியாக வருகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். குமரி மாவட்டத்தில் தியானத்துக்கு இடம் தேடும் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

முப்பது நாற்பது பேர் என்றால் கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தை மிஞ்ச இங்கே வேறு இடம் இல்லை. ஏக்நாத் ரானடே 1972இல் தொடங்கிய விவேகானந்த கேந்திரத்தின் வளாகம் இது. முகாம் நடத்தியே பழகிய இடம் என்பதால் கூடம், பந்தி, படுக்கை எதற்கும் அலைய வேண்டியதில்லை. மரநிழலில் மயில்கள் நடமாடும். கிழக்கே நடந்தால் சூரிய உதயம் பார்க்கக் கடற்கரை. ரயிலில் இறங்கியவர்களுக்கு ஆட்டோ தொலைவுதான். கார்த்திகை பிறந்து தை வரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஐயப்ப பக்தர்களின் கூட்டத்தில் ஊரே திமிலோகப்படும் காலம் அது.

பத்துப் பதினைந்து பேர், அல்லது தனி ஆள் என்றால் என் மனம் மேற்கேதான் போகிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் இருக்கும் சிறிய தியான இல்லங்களைச் சொல்கிறேன். விடியுமுன் நெற்றியில் டார்ச் கட்டிய பால்வெட்டுத் தொழிலாளி மரத்துக்கு மரம் நகர்வது ஜன்னல் வழியே தெரியும். பட்டையில் கத்தி ஓடும் சிறு சத்தம். பிறகு சாய்வான கீறல் வழியே பால் இறங்கிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கும். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் தானாக அடங்கும். காலைக்குக் கஞ்சியும் பயறும், மதியத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

ஆனால் இரண்டு பருவமழையும் கொட்டும் பகுதி இது. ஆனியிலும் ஐப்பசியிலும் வெளியே உலாவ முடியாது. பால்வெட்டு நின்றிருக்கும் தோட்டத்தில் கவிழ்க்காமல் விட்ட சிரட்டைகளில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். கொசுவலை இருக்கிறதா என்று கேட்காமல் அறை பதியாதீர்கள். மாசியும் பங்குனியும்தான் நல்ல காலம். இலையுதிர்ந்த மரங்கள் புதிதாகத் துளிர்த்து நிற்கும். அந்தத் தளிர்த்தேனுக்காகத் தோட்டமெங்கும் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பார்கள்.

சிறிய இல்லங்களில் பந்திக்கூடமும் படுக்கையறையும் அடுத்தடுத்து இருப்பதுதான் பெரிய தொல்லை. அதிகாலையில் அண்டா உருளும் சத்தத்தில் மௌனமெல்லாம் போய்விடும். தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேட்பதைவிட, சமையலறையிலிருந்து அறை எவ்வளவு தள்ளி என்று கேளுங்கள்.

மூன்றாவதாகப் பலர் சொல்வது மருந்துவாழ்மலை. கேரளத்துத் துறவியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை அங்கேதான். குழுவோடு தங்கும் இடமாக அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்; விவேகானந்தபுரத்தில் தங்குபவர்கள் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்கலாம். வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும், பாறை சுடும். வழியில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் தலமான சாமித்தோப்புக்கும் போய் வரலாம். ரப்பர் தோட்டப் பக்கம் தங்குபவர்களுக்கு மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலை. ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

தனியாக வருபவர்களில் ஒருசாராருக்கு மட்டும் நான் கடலோரத்தைத்தான் சொல்வேன்: அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவர்கள். ரப்பர் நிழலில் பொழுது சீக்கிரம் இருட்டிவிடும், இரவு நீளும். துக்கத்தோடு இருப்பவரை அந்த இருட்டில் தனியே விட எனக்கு மனம் வராது. கடற்கரையில் நாலு பேர் நடந்துகொண்டாவது இருப்பார்கள்.

எங்கே பதிவு செய்தாலும் அதே நாட்களில் வேறு குழு தங்குகிறதா, அவர்களுக்கு ஒலிபெருக்கி உண்டா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.